முன்வரிசை வீரரை வளர்க்க மூன்றாண்டு: காத்திருக்க யார் தயார்?

அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டின் பணக் கணக்கு 2025ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் தேதி அடியோடு மாறியது. ‘ஹவுஸ்’ வழக்கு என்று அழைக்கப்படும் வழக்கில் நீதிபதி கிளாடியா வில்கன் அன்று சமரசத் தீர்வுக்கு ஒப்புதல் அளித்தார். அதன்படி, அவ்வாண்டு ஜூலை 1 முதல் பல்கலைக்கழகங்கள் தங்கள் விளையாட்டாளர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் ஏறத்தாழ 20.5 மில்லியன் அமெரிக்க டாலர் வரை பகிர்ந்தளிக்கலாம். “மாணவர்களுக்குச் சம்பளம் கிடையாது” என்று பல தலைமுறைகளாகச் சொல்லிவந்த என்சிஏஏ எனும் தேசிய அமைப்பு, இறுதியில் இறங்கி வந்தது.

செய்தி வந்ததும் எந்தக் குவார்ட்டர்பேக்கிற்கு எத்தனை மில்லியன் என்பதே எங்கும் பேச்சாக இருந்தது. எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் வேறு ஐந்து பேர். நேரடி வர்ணனையில் பெயர்கூட அதிகம் அடிபடாதவர்கள். தவறு செய்தால் மட்டுமே எல்லாருக்கும் தெரிபவர்கள். அமெரிக்கக் காற்பந்தில் ‘ஆஃபென்சிவ் லைன்’ என்று சொல்லப்படும் தாக்குதல் முன்வரிசையின் ஐவர்.

இவர்களை உருவாக்கத் தேவைப்படும் முதல் பொருள் காலம். புதிய விதிகளும் புதுப் பணமும் எல்லாரிடமிருந்தும் எடுத்துக்கொள்வதும் அந்தக் காலத்தைத்தான். அப்படியானால் பதினெட்டு வயதில் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் ஓர் இளையருக்கு இனி யார் மூன்று ஆண்டு கொடுப்பார்? இக்கட்டுரையில் நான் ஆராய விரும்பும் கேள்வி இது.

யார் இந்த ஐவர்?

நாம் பழகிய காற்பந்து வேறு, அமெரிக்கக் காற்பந்து வேறு. அங்கு ஓர் அணிக்குப் பதினொருவர். தாக்கும் அணியின் முன்வரிசையில் நடுவே நிற்பவர் ‘சென்டர்’. அவருக்கு இருபுறமும் இரண்டு ‘கார்டு’கள், அவர்களுக்கு வெளியே இரண்டு ‘டேக்கிள்’கள். சென்டர் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கிடம் கொடுத்ததும் ஆட்டம் தொடங்கும். அந்த நொடியிலிருந்து ஐவருக்கும் ஒரே வேலை: எதிரணியினரைத் தடுப்பது. பந்தை வீசும் ஆட்டமென்றால், இரண்டரை மூன்று விநாடிகளுக்குக் குவார்ட்டர்பேக்கை எவரும் நெருங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடும் ஆட்டமென்றால், ஓடுபவருக்கு இடைவெளி உண்டாக்கித் தர வேண்டும். வழக்கமான ஆட்டத்தில் இவர்கள் முன்னோக்கி வீசப்படும் பந்தைப் பிடிக்கவும் விதி இடம் தருவதில்லை.

தேரோட்டத்தில் எல்லார் கண்ணும் தேர்மேல்தான் இருக்கும். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புபவரை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அவர் கை ஒரு கணம் தவறினால் தேர் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. முன்வரிசை வீரர்களின் நிலையும் அதுதான்.

அமெரிக்காவில் சனிக்கிழமை நடக்கும் பல்கலைக்கழக ஆட்டங்கள் சிங்கப்பூர் நேரப்படி நள்ளிரவில் தொடங்கி ஞாயிறு காலைவரை நீளும். இரவில் தொடங்கும் பெரிய ஆட்டங்களை நான் ஞாயிறு காலைப் பசியாறலோடு பார்ப்பதுண்டு. நீங்களும் என்றாவது பார்த்தால் பந்தை விட்டுவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு இந்த ஐவரை மட்டும் கவனியுங்கள். முற்றிலும் வேறோர் ஆட்டம் கண்ணில் படும்.

மூன்று ஆண்டு ஏன் தேவை?

வேகமாக ஓடும் பதினெட்டு வயது இளையர் ஒருவர் முதலாண்டிலேயே பந்துடன் ஓடிப் பெயர் வாங்கிவிடலாம். முன்வரிசையில் அது அரிது. அதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, உடல். பெரிய பல்கலைக்கழக அணிகளில் முன்வரிசை வீரர்களின் எடை பெரும்பாலும் 135 கிலோவைத் தாண்டும். பள்ளி முடித்து வருபவர்களில் பலர் அதைவிடப் பதினைந்து இருபது கிலோ குறைவாக இருப்பார்கள். எடை போதுமான அளவு உள்ளவர்களுக்கும் அது வலிமையாக மாறியிருக்காது. எதிரே நிற்பவரோ 22 வயதானவர். நான்கு ஆண்டுகள் எடை தூக்கி உரமேறியவர். உடல் வளரும்போது கால்வேகம் குறையாமலும் இருக்க வேண்டும். இதை ஒரு விடுமுறைக் காலத்தில் முடித்துவிட முடியாது.

இரண்டாவது, நுட்பம். முதல் அடி எந்தக் காலில், எவ்வளவு தூரம்? கைகள் எதிராளியின் மார்பில் எங்கே பட வேண்டும்? இடுப்பை எவ்வளவு தாழ்த்துவது? வீசும் ஆட்டத்தில் பின்னோக்கி நகர்ந்துகொண்டே, முன்னோக்கிப் பாய்ந்து வருபவரைத் தடுக்க வேண்டும். மனித உடலுக்கு இயல்பாக வராத அசைவு இது. ஆயிரக்கணக்கான முறை செய்தால்தான் யோசிக்காமல் வரும். ஆனால் என்சிஏஏ விதிப்படி, போட்டிப் பருவத்தில் மாணவர்களின் கட்டாய விளையாட்டு நேரம் வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வசந்தகாலப் பயிற்சிக்கு 15 நாள்கள்தான். படிக்க வந்தவர்களுக்கு அந்த வரம்பு நியாயமானது. அதனாலேயே கற்றல் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.

மூன்றாவது, ஐவரும் ஒருவராக நகர்வது. கபடியில் கைகோத்து நிற்கும் சங்கிலியை நினைத்துப் பாருங்கள். பாடி வருபவரைப் பிடிக்க ஒருவர் முந்திப் பாய்ந்தாலும் பிந்தி நின்றாலும் சங்கிலி அறுந்துவிடும். இங்கும் அப்படித்தான். எதிரணி நிற்கும் விதத்தைச் சென்டர் படித்துவிட்டு, யார் யாரைத் தடுப்பது என்று சில விநாடிகளில் குரல் கொடுப்பார். எதிரணியினர் கடைசி நேரத்தில் இடம் மாறி வருவார்கள். அப்போது பக்கத்தில் நிற்பவர் என்ன செய்வார் என்பதைப் பேசாமலே அறிந்திருக்க வேண்டும். ஒரு லட்சத்துக்கும் அதிகமான இருக்கைகள் கொண்ட மிச்சிகன் அரங்கம் போன்ற இடங்களில் எதிரணியின் ரசிகர்கள் கூச்சலிடும்போது குரல் எடுபடாது. பழக்கம் மட்டுமே கைகொடுக்கும்.

எனவே முதலாண்டு மாணவர் பெரும்பாலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் ‘ஸ்கவுட்’ குழுவிலும் இருப்பார். அடுத்த வாரம் மோதவிருக்கும் அணியின் ஆட்டத்தை நடித்துக்காட்டி, சொந்த அணியின் மூத்த தற்காப்பு வீரர்களிடம் அடிவாங்குவது அந்தக் குழுவின் வேலை. இரண்டாம் ஆண்டில் மாற்று வீரர். மூன்றாம் ஆண்டில்தான் நிரந்தர இடத்துக்கான போட்டி.

விதிவிலக்குகள் உண்டு. அமெரிக்க சமோவாவில் பிறந்த பெனெய் சூவல், ஓரிகன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டிலேயே ஆடி, 2019இல் இரண்டாம் ஆண்டிலேயே சிறந்த உள்வரிசை வீரருக்கான ‘அவுட்லண்ட்’ விருதை வென்றார். எல்எஸ்யு பல்கலைக்கழகத்தின் வில் கேம்பலும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் கெல்வின் பேங்க்ஸும் 2022இல் முதலாண்டு மாணவர்களாகவே களமிறங்கினர். ஆனால் கவனியுங்கள்: அவ்விருவரும் மூன்று ஆண்டுகள் அதே பல்கலைக்கழகத்தில் ஆடிய பிறகே 2025 என்எஃப்எல் தேர்வில் நான்காம், ஒன்பதாம் இடங்களில் எடுக்கப்பட்டார்கள்.

காத்திருந்தவர்களின் கதைகள்

காத்திருப்பதற்கு அந்த விளையாட்டில் விதிகளே துணைநின்றன. ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம் என்பது வெகுகால ஏற்பாடு. ஆடாமல் பயிற்சி மட்டும் பெறும் ஆண்டை ‘ரெட்ஷர்ட்’ ஆண்டு என்பார்கள். 2018 முதல் ஒரு பருவத்தில் நான்கு ஆட்டங்கள்வரை ஆடினாலும் அந்த ஆண்டு கணக்கில் சேராது.

அடுத்த துணை, ‘வாக்-ஆன்’ முறை. உதவித்தொகை இல்லாமல், தாமாகவே வந்து அணியில் சேரும் மாணவர்களை அப்படி அழைப்பார்கள். உதவித்தொகை பெறுவோர் 85 பேர் என்ற வரம்பு இருந்தாலும், வாக்-ஆன் மாணவர்களையும் சேர்த்து 120 பேர்வரை வைத்திருந்த அணிகள் உண்டு.

ஜேசன் கெல்சி அப்படி வந்தவர்தான். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் முன்வரிசைக்குத் தொடர்பே இல்லாத இடத்துக்கு வாக்-ஆனாகச் சேர்ந்தார். பிறகுதான் முன்வரிசைக்கு மாற்றப்பட்டார். 2011 என்எஃப்எல் தேர்வில் ஆறாவது சுற்றில்தான் அவர் பெயர் வந்தது. பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்கு 13 பருவங்கள் ஆடி, ‘சூப்பர் போல்’ கிண்ணம் வென்று, 2024இல் ஓய்வு பெற்றபோது அவர் தலைமுறையின் தலைசிறந்த சென்டர்களில் ஒருவராகப் போற்றப்பட்டார்.

ரயன் ரம்சிக்கின் பாதை இன்னும் வளைந்தது. பள்ளி முடித்ததும் வெல்டிங் கற்கத் தொழில்நுட்பக் கல்லூரிப் பக்கம் போனவர் அவர். பின்னர் உதவித்தொகையே வழங்காத மூன்றாம் பிரிவுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆடி, அங்கிருந்து விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கு ஒரே ஒரு பருவம் ஆடி, 2017இல் என்எஃப்எல் தேர்வின் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார்.

அயோவா பல்கலைக்கழகம் இந்தப் பொறுமையையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. 1999 முதல் அதன் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருக்கும் கர்க் ஃபெரன்ட்ஸ், 1980களில் அங்கேயே முன்வரிசைப் பயிற்றுவிப்பாளராக இருந்தவர். பந்தைப் பிடிக்கும் ‘டைட் எண்ட்’ ஆக வந்த ராபர்ட் கேலரி அங்குதான் டேக்கிளாக மாறி, 2004 தேர்வில் இரண்டாவதாக எடுக்கப்பட்டார். பள்ளியில் குவார்ட்டர்பேக்காகவும் ஆடிய பிராண்டன் ஷெர்ஃப் 2015இல் ஐந்தாவது. தற்காப்பு வரிசைக்கு வந்த டைலர் லிண்டர்பாம் சென்டராக மாற்றப்பட்டு, 2021இல் நாட்டின் சிறந்த சென்டருக்கான ‘ரிமிங்டன்’ விருதைப் பெற்றார். மூவருமே முன்பு வேறோர் இடத்தில் ஆடியவர்கள். அவர்களுக்குள் இருந்த முன்வரிசை வீரரை யாரோ கண்டுபிடித்து, வளர்வதற்கு நேரம் கொடுத்தார்கள்.

வளர்ப்பதில் உள்ள ஆபத்து

உடலை வளர்ப்பது என்றால் உடலோடு விளையாடுவது என்றாகிவிடக் கூடாது. 2018 மே 29ஆம் தேதி மேரிலண்ட் பல்கலைக்கழகத்தில் ஓட்டப் பயிற்சியின்போது ஜோர்டன் மெக்நேர் என்ற 19 வயது முன்வரிசை வீரர் வெப்பத்தாக்குதலுக்கு ஆளானார். ஜூன் 13ஆம் தேதி உயிரிழந்தார். உடல் வெப்பத்தை உடனே குறைக்கும் குளிர்நீர்த் தொட்டிச் சிகிச்சை அவருக்கு அளிக்கப்படவில்லை என்று சுயேச்சை விசாரணை கண்டறிந்தது. பல்கலைக்கழகம் பொறுப்பேற்றது, தலைமைப் பயிற்றுவிப்பாளர் அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

பெரிய உடல் வெப்பத்தை மெதுவாகவே வெளியேற்றும். ஆகவே இந்த ஆபத்து முன்வரிசை வீரர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். ஆண்டு முழுவதும் வெயிலும் ஈரப்பதமும் உள்ள நம் ஊரில் திடல் பயிற்சி செய்யும் எவருக்கும் இது அந்நியச் செய்தியல்ல. வெப்பத்தாக்குதல் ஏற்பட்டால் முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தின் அடிப்படைப் பாடம்.

ஆட்டத்துக்குப் பிறகும் சுமை தொடர்கிறது. தொடர்ந்து 10,363 ஆட்ட நகர்வுகளில் ஒன்றைக்கூட விடாமல் என்எஃப்எல்லில் ஆடிய ஜோ தாமஸ், ஓய்வு பெற்றதும் இருபது கிலோவுக்கும் மேல் எடையைக் குறைத்தார். அவரைப் போல எல்லாராலும் முடிவதில்லை. ஏற்றிய எடையோடு இரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் தடை போன்ற சிக்கல்களைச் சுமப்பவர்கள் பலர். ஒரு பல்கலைக்கழகம் “நாங்கள் வீரர்களை வளர்க்கிறோம்” என்று பெருமை பேசினால், மாணவரின் எடையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறார்கள், யார் கண்காணிக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே நான் கேட்பேன்.

ஏழே ஆண்டுகளில் தலைகீழ் மாற்றம்

2018 அக்டோபரில் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ எனும் இணையப் பதிவேடு தொடங்கியது. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் மாணவர் அதில் தம் பெயரைப் பதிந்துகொள்ளலாம். 2021இல், மாறியவர் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டிய கட்டாயம் முதல் மாற்றத்துக்கு நீங்கியது. 2024இல், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றானது. இடையில் 2021 ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் கொண்டு விளம்பர வருமானம் ஈட்ட அனுமதி கிடைத்தது.

அந்த வருமானத்தின் ஆற்றலை முன்வரிசையும் விரைவில் உணர்ந்தது. 2021 டிசம்பரில் டெக்சஸ் பல்கலைக்கழக ஆதரவாளர்கள் ‘பேன்கேக் ஃபேக்டரி’ என்ற திட்டத்தை அறிவித்தார்கள். உதவித்தொகை பெறும் முன்வரிசை வீரர் ஒவ்வொருவருக்கும், அறப்பணிகளில் பங்கேற்பதற்காக, ஆண்டுக்கு 50,000 அமெரிக்க டாலர். எதிராளியை மல்லாக்கத் தள்ளும் தடுப்புக்குப் ‘பேன்கேக்’ என்று பெயர். தோசைக்கல்லில் மாவு பரவுவதைப்போல எதிராளி தரையில் கிடப்பார் என்பதால் வந்த பெயர். நட்சத்திர வீரர்களுக்கு மட்டுமன்றி, முன்வரிசை முழுவதற்கும் விலை உண்டு என்பதை அத்திட்டம் உரக்கச் சொன்னது.

இப்போது 2025 தீர்வின் மற்றொரு பகுதி. உதவித்தொகை வரம்பு போய், அணியின் ஆள்வரம்பு வந்துவிட்டது. காற்பந்து அணிக்கு 105 பேர். உதவித்தொகை பெறுவோர் கூடலாம். ஆனால் அணியில் மொத்தப் பேர் குறைவார்கள். முதலில் அடிபடுவது வாக்-ஆன் மாணவர்களின் இடங்கள். இதனால் பலர் இடம் இழப்பதைக் கண்டு நீதிபதி வில்கனே ஒப்புதலைத் தள்ளிவைத்தார். ஏற்கெனவே இடம் இழந்தவர்களை வரம்புக்குள் எண்ணாமல் மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்ற சலுகை வந்த பிறகே கையெழுத்திட்டார். அந்தச் சலுகை அன்று அணிகளில் இருந்தவர்களுக்கும் சேரவிருந்தவர்களுக்கும்தான். நாளை வரும் கெல்சிக்கு அது கிடையாது.

பயிற்றுவிப்பாளரின் இடத்திலிருந்து பாருங்கள். இரண்டு பருவம் தோற்றால் வேலை போய்விடும். மூன்றாம் ஆண்டில் பலன் தரும் பதினெட்டு வயதுக்காரருக்குப் பணம் கொடுப்பதா, சிறிய பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டு ஆடிப் பக்குவப்பட்ட 22 வயதுக்காரரை அழைத்துவருவதா? இரண்டாவதையே பலரும் தேர்ந்தெடுப்பார்கள். அவரை வளர்த்த சிறிய பல்கலைக்கழகத்துக்குக் கிடைப்பது ஒரு காலி இடம். வளர்ப்பு நின்றுவிடவில்லை. அதன் செலவை ஏற்பவர் வேறு, பலனை அறுவடை செய்பவர் வேறு என்றாகிவிட்டது.

ஒஹாயோ ஸ்டேட் சொல்லும் பாடம்

2024 பருவத்தில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு நடந்ததை இந்த விவாதத்துக்கான நல்ல சோதனை என்பேன். பணபலம் மிக்க அணி அது. இடப்பக்க டேக்கிள் ஜோஷ் சிமன்ஸ், சான் டியேகோ ஸ்டேட்டிலிருந்து வந்தவர். சென்டர் செத் மெக்லாக்லின், அலபாமாவிலிருந்து வந்தவர். அக்டோபரில் சிமன்ஸுக்கு முழங்காலில் காயம், பருவம் முடிந்தது. நவம்பரில் மெக்லாக்லினுக்குக் குதிகால் தசைநார் கிழிந்தது. வெளியிலிருந்து வந்த இருவரும் இல்லை. நவம்பர் 30ஆம் தேதி பரம எதிரியான மிச்சிகனிடம் சொந்த மண்ணிலேயே 13-10 எனத் தோல்வி. முன்வரிசை உடைந்துவிட்டது என்று எல்லாரும் எழுதினார்கள்.

அதன்பின் வந்த நான்கு வெளியேற்றச் சுற்று ஆட்டங்களிலும் அந்த அணி வென்றது. 2025 ஜனவரி 20ஆம் தேதி இறுதியாட்டத்தில் நோட்ர டேமை 34-23 என வீழ்த்தித் தேசிய வெற்றியாளரானது. அன்று முன்வரிசையில் தொடங்கிய ஐவரும் பள்ளியிலிருந்து நேரே ஒஹாயோ ஸ்டேட்டுக்கு வந்து அங்கேயே வளர்ந்தவர்கள். கார்டாக ஆடிவந்த டொனவன் ஜாக்சன், பருவத்தின் நடுவே டேக்கிளாக இடம் மாறிச் சமாளித்தார். சென்டராக நின்ற கார்சன் ஹின்ஸ்மனின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. 2023 பருவத்தில் அவரே முதல் தேர்வு. பருவத்தின் கடைசி ஆட்டத்தில் இடத்தை இழந்தார். மெக்லாக்லின் வந்தபின் இடம் முற்றாகப் போனது. போர்ட்டல் திறந்திருந்தும் அவர் போகவில்லை. தேவை வந்த நாளில் தயாராக இருந்தார்.

வெளியிலிருந்து அழைத்து வருபவர்களால் அணியின் உச்சம் உயரலாம். பருவத்தின் கடைசி மாதத்தில் காயங்கள் குவியும்போது அணியைத் தாங்கிப் பிடிப்பது, பல ஆண்டுகளாக அடுத்த வரிசையில் வளர்த்து வைத்தவர்களே.

இதே பருவம் இன்னொரு சான்றையும் தந்தது. நாட்டின் சிறந்த முன்வரிசைக்கான ‘ஜோ மூர்’ விருது 2015 முதல் தனி ஒருவருக்கு அல்லாமல் வரிசை முழுவதற்கும் வழங்கப்படுகிறது. 2024இல் அதை வென்றது வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கழகத்தின் அணி. அங்குள்ளவர்கள் நாளைய ராணுவ அதிகாரிகள். பணம் காட்டி ஆள் சேர்க்க அவர்களால் முடியாது. பெரிய அணிகளைவிட உடலில் சிறிய அந்த வரிசைக்குப் பின்னால் ஓடியே அவ்வணி நாட்டில் அதிகத் தூரம் ஓடிய அணியானது. 12 ஆட்டங்களில் வென்றது.

மாறிச் செல்வது துரோகமா?

இவ்வளவு சொன்னபின், “பழைய காலமே பொற்காலம்” என்று நான் முடித்தால் அது பாதி உண்மையாகிவிடும். மெக்லாக்லினையே பாருங்கள். 2024 ஜனவரி 1ஆம் தேதி ‘ரோஸ் போல்’ ஆட்டத்தில் அலபாமா கூடுதல் நேரத்தில் மிச்சிகனிடம் 27-20 எனத் தோற்றது. அலபாமா குவார்ட்டர்பேக் அன்று ஆறு முறை வீழ்த்தப்பட்டார். கடைசி நகர்வில் மெக்லாக்லின் கொடுத்த பந்து தாழ்வாகப் போனது. அந்தப் பருவம் முழுவதும் அவருக்கு அந்தச் சிக்கல் இருந்தது, இணையத்தில் வசைமழை. அவர் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு மாறினார். அதே ஆண்டு நாட்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருதை வென்றார். பழைய விதிப்படி ஓராண்டு உட்கார வேண்டியிருந்தால், இந்த இரண்டாம் வாய்ப்பு அவருக்கு அவ்வளவு எளிதில் கிடைத்திருக்காது.

மாறிய மெக்லாக்லினும் சரி, தங்கிய ஹின்ஸ்மனும் சரி, ஒரே அணியில் ஒரே இடத்துக்கு ஆடியவர்கள். இருவருடைய முடிவும் பலித்தது. ஆகவே ‘விசுவாசம்’ என்ற அளவுகோலை மாணவர்மேல் மட்டும் வைப்பது நியாயமில்லை. பயிற்றுவிப்பாளர்கள் மில்லியன் கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு நினைத்த நேரத்தில் வேறு அணிக்குப் போன காலத்தில், மாணவர்கள் மட்டும் கட்டிப்போடப்பட்டிருந்தார்கள். அந்தப் பொறுமை பலருக்கு விரும்பி ஏற்றதாக இருக்கவில்லை. வேறு வழி இல்லாததால் வந்தது.

என்ன செய்யலாம்?

சுதந்திரத்தைத் திரும்பப் பிடுங்காமல் காலத்தைத் திரும்பக் கொடுக்க வழி உண்டா? உண்டு என்றே நினைக்கிறேன்.

முதலில், வளர்த்தவருக்குப் பங்கு. நாம் அறிந்த காற்பந்தில் ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தக் காலத்தில் ஒருவர் வேறு நாட்டுச் சங்கத்துக்கு விலைக்கு மாறும்போது, மாற்றுத் தொகையில் 5 விழுக்காடு அவரை 12 முதல் 23 வயதுவரை பயிற்றுவித்த சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. சிற்றூர்ச் சங்கங்கள் பலவற்றுக்கு அது உயிர்நாடி. அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டில் மாற்றுத் தொகை இல்லை என்றாலும், புதிதாகக் கொடுக்கப்படும் பணத்தில் ஒரு சிறு பங்கை முந்தைய பல்கலைக்கழகத்தின் பயிற்சி நிதிக்கு அனுப்பலாம். மாணவரின் பங்கில் கை வைக்காமல், அழைத்துக்கொள்ளும் பல்கலைக்கழகமே அதைத் தர வேண்டும்.

இரண்டாவதாக, 105 என்ற வரம்புக்கு வெளியே, வளரும் மாணவர்களுக்கெனச் சில இடங்கள். ஆண்டுக்கு நான்கைந்து பேருக்கு இடம் கொடுத்தால் எந்தப் பல்கலைக்கழகமும் நொடித்துப்போகாது.

மூன்றாவதாக, பல ஆண்டு உடன்பாடுகள். மூன்றாண்டு தங்குபவருக்கு ஆண்டுதோறும் கூடும் தொகை, காயம் பட்டாலும் தொடரும் உதவித்தொகை, பட்டம் முடிக்க உத்தரவாதம். இவற்றை எழுத்தில் கொடுத்தால் பொறுமை இருபக்கமும் சமமாகும்.

கடைசியாக, கணக்குப் பார்க்க வேண்டிய ஓர் உண்மை. பல்கலைக்கழகக் காற்பந்து ஆடுவோரில் என்எஃப்எல்லை எட்டுபவர்கள் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. மற்றவர்களுக்கு அந்த நான்கைந்து ஆண்டுகள் விட்டுச்செல்வது இரண்டே: ஒரு பட்டம், ஓர் உடல். அடிக்கடி பல்கலைக்கழகம் மாறினால் முன்பு படித்த பாடங்கள் சில கணக்கில் சேராமல் போகலாம், பட்டம் தள்ளிப்போகலாம். அவசரமாக ஏற்றிய எடை நாற்பது வயதில் நோயாகத் திரும்பலாம். ஆகவே இளம் முன்வரிசை வீரரை எப்படி வளர்ப்பது என்ற கேள்விக்கு வெற்றிக் கிண்ணங்கள் மட்டும் பதிலாகிவிட முடியாது.

இணைப்பாட நடவடிக்கையில் முதல் அணிக்குத் தேர்வாகாமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் உயர்நிலைப்பள்ளி மாணவருக்கும் இதில் ஒரு பயனுள்ள கேள்வி இருக்கிறது என்று எண்ணுகிறேன். “நான் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?” என்பதோடு, “காத்திருக்கும் காலத்தில் எனக்கு யார், என்ன கற்றுத்தரப் போகிறார்?” என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கும் இடத்தில் காத்திருக்கலாம். பதிலே கிடைக்காத இடத்திலிருந்து கிளம்புவதில் தவறேதும் இல்லை.